கப்பல் கோதுமையும் காட்பாடி வேகனும்: உணவு உதவி இயங்கும் விதம்

1960களில் வட ஆர்க்காடு மாவட்டத்து (இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதி) பள்ளிகளில் மதிய உணவு சாப்பிட்டவர்களிடம் ‘கேர்’ என்று சொன்னால் சோள மாவும் பால் பவுடரும் எண்ணெய் டின்னும்தான் ஞாபகத்துக்கு வரும். காமராசர் ஆட்சியில் 1956ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு, 1961லிருந்து கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் இந்தப் பொருள்களைக் கொடுத்துவந்தது. கையில் கொடுத்தது தொண்டு நிறுவனம்தான். சரக்கு அமெரிக்க அரசுடையது. அது கப்பலேறக் காரணமாக இருந்தது 1954 ஜூலை 10ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480, நம்மூர் வழக்கில் பி.எல். 480.

அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு ஆதார விலை கொடுத்து வாங்கிய கோதுமை, மக்காச்சோளம், பால் பவுடர் எல்லாம் கிடங்குகளில் குவிந்து, சேமிப்புச் செலவே பெருஞ்சுமையாகிவிட்டது. அதைத் தள்ளிவிட மூன்று வழிகளைச் சட்டம் திறந்தது. முதல் பிரிவில், டாலர் இல்லாத நாடுகளுக்கு அவர்களுடைய நாணயத்திலேயே விற்கலாம். இரண்டாம் பிரிவில், பஞ்சம் போன்ற அவசரத்துக்கு இலவசமாகக் கொடுக்கலாம். மூன்றாவதில் பண்டமாற்றும், தொண்டு நிறுவனங்கள் வழியான நன்கொடையும். பள்ளியில் வந்தது இந்த நன்கொடைச் சரக்கு. ரேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கிய கோதுமையில் பெரும்பங்கு முதல் பிரிவு. இந்த இரண்டையும் ‘அமெரிக்கா இலவசமாகக் கொடுத்தது’ என்று ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்வது இன்றும் வழக்கமாக இருக்கிறது. கணக்கு அப்படி இல்லை.

முதல் பிரிவில் இந்தியா ரூபாய் கொடுத்தது. அந்த ரூபாய் ரிசர்வ் வங்கியில் அமெரிக்காவின் பெயரில் சேர்ந்தது. அதில் ஒரு பங்கை அமெரிக்கத் தூதரகம் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டது. பெரும்பங்கு இந்திய அரசின் வளர்ச்சித் திட்டங்களுக்குக் கடனாகவும் மானியமாகவும் திரும்பி வந்தது. 1960 மே மாதத்தில் செய்த ஒப்பந்தம் மட்டுமே நான்கு ஆண்டுக்கு 1.6 கோடி டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. சேர்ந்துகொண்டே போன ரூபாயை என்ன செய்வது என்று இரு தரப்புக்குமே தெரியவில்லை. கடைசியில் 1974 பிப்ரவரியில் 1,664 கோடி ரூபாய்க்கான காசோலையை அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் இந்தியாவிடமே கொடுத்துக் கணக்கின் பெரும்பகுதியை முடித்தார். இடையில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 1962லிருந்து அந்த ரூபாயில் இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்குப் போயின. தமிழும் அதில் உண்டு. இங்கே செல்லரித்துப்போன சில பதிப்புகள் அங்கே பத்திரமாக இருப்பதற்குக் கோதுமைதான் காரணம்.

இந்த உதவியின் கசப்பான பக்கம் 1965, 66 வறட்சியில் தெரிந்தது. 1966ல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியானது. ஆண்டு ஒப்பந்தத்தை மறுத்த ஜனாதிபதி ஜான்சன், மாதத்துக்கு மாதம் கப்பலுக்கு அனுமதி கொடுத்தார். இந்தியா விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம், வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது இன்னொன்று. அப்போது மத்திய உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். ஒரு கையால் கப்பலுக்குக் காத்துக்கொண்டே மறு கையால் 1966ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்கினார். சென்னை மாநிலத்திலோ கோதுமை வந்தும் தீராத அரிசித் தட்டுப்பாடு. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற முழக்கம் 1967 தேர்தலில் எடுபட்டதற்கு இதுவே மண். அரிசிச் சோறு தின்கிற வயிற்றுக்குக் கோதுமை மாற்றாகும் என்று தாளில் கலோரி போட்டுக் காட்டலாம். வாக்குச்சாவடியில் அது எடுபடாது.

ஜான்சன் கயிற்றை இறுக்கியதைவிடக் கொடுமை 1974ல் வங்கதேசத்தில் நடந்தது. அந்நாடு கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றது என்பதற்காக அமெரிக்கா உணவுக் கப்பலை நிறுத்தி வைத்தது. பஞ்சம் அதே ஆண்டில். கப்பல் புறப்பட்டபோது அறுவடைக்காலம் நெருங்கிவிட்டது.

சரி, ஒரு அரசு உணவு உதவி தருவதாக அறிவித்த பிறகு என்னென்ன நடக்க வேண்டும்? முதல் வேலை தேவையைக் கணக்கிடுவது. உலக உணவுத் திட்டமும் பிற அமைப்புகளும் திட்டமிடப் பயன்படுத்தும் அளவு தலைக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி. இதை எட்ட வழக்கமான ஒரு பங்கீடு: தானியம் 400 கிராம், பருப்பு 60, வைட்டமின் ஏ சேர்த்த எண்ணெய் 25, சத்துமாவு 50, சர்க்கரை 15, அயோடின் உப்பு 5. வேலூர் மாநகரின் ஒரு மூலையில் ஒரு லட்சம் பேர் இதை மட்டுமே நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளுக்குத் தானியம் 1,200 டன், பருப்பு 180, எண்ணெய் 75, சத்துமாவு 150, சர்க்கரை 45, உப்பு 15. மொத்தம் 1,665 டன். காட்பாடி கூட்ஸ் ஷெட்டில் வந்து இறங்கும் 42 வேகன் அரிசி ரயில் ஒன்று சுமார் 2,600 டன் ஏற்றி வரும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. பத்து டன் லாரி என்றால் 167 நடை. ஷெட்டில் இருந்து லாரிக்குத் தோளில் மாற்ற 50 கிலோ மூட்டை 33,300. ஒவ்வொரு மாதமும் இது நடக்க வேண்டும். ‘டன்’ என்று செய்தியில் படிக்கும்போது சுமைதூக்குவோரின் எண்ணிக்கையும் கண்ணில் படுவது நல்லது.

அமெரிக்கச் சரக்கு என்றால் அடுத்த படிகள்: அமெரிக்க வேளாண் துறை உள்நாட்டில் டெண்டர் விட்டு வாங்கும். தனியே கப்பல் வாடகைக்கு டெண்டர். மூட்டை கட்டித் துறைமுகம் சேர்க்க வேண்டும். இங்கே ஒரு சட்டக் கட்டு: 1954லிருந்து சரக்கில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும். 1985ல் இது முக்கால் ஆனது, 2012ல் மீண்டும் பாதிக்கு இறங்கியது. அந்தக் கப்பல்களின் வாடகை அதிகம். கப்பல் சேர்ந்ததும் பயிர் நோய்ச் சான்று, சுங்கம், துறைமுகக் கிடங்கு, அங்கிருந்து மாவட்டக் கிடங்கு, அங்கிருந்து விநியோகப் புள்ளி.

இந்தச் சங்கிலிக்கு ஆகும் காலத்தையும் காசையும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே கணக்கிட்டிருக்கிறது. 2007 அறிக்கைப்படி மிகப்பெரிய உதவித் திட்டத்தில் செலவான பணத்தில் சுமார் 65 சதவீதம் போக்குவரத்துக்கும் நிர்வாகத்துக்கும். தானியத்துக்குப் போனது மீதி. 2009 அறிக்கை, சகாராவுக்குத் தெற்கே பத்து நாடுகளை எடுத்து, அமெரிக்காவிலிருந்து சரக்கு சேரச் சராசரி 147 நாள், அதே நாட்டில் வாங்கினால் 35 நாள், பக்கத்து நாட்டில் வாங்கினால் 41 நாள் என்றது. விலையும் அப்படியே: உள்ளூரிலோ அண்டையிலோ வாங்குவது அங்கே 34 சதவீதம் மலிவு, ஆசியாவில் 29 சதவீதம். உதவித் தானியத்தைச் சொந்த நாட்டிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டைக் கனடா 2008ல் முழுதும் அவிழ்த்துவிட்டது. அமெரிக்காவில் அவிழ்க்க முடியாமல் போனதற்கு விவசாயச் சங்கங்கள், கப்பல் முதலாளிகள், சரக்கைப் பெற்று நடத்தும் சில தொண்டு நிறுவனங்கள் ஆகிய மூவருக்கும் அதில் பங்கு இருந்ததே காரணம். ஏழை நாட்டுக் குழந்தை அந்த மேசையில் நான்காவது ஆள்.

147 நாள் என்பது ஒரு போகம். வேலூர்ப் பக்கம் சம்பா நட்ட உடனே கருகியது தெரிந்து கேட்டால், கப்பல் வந்து சேருவதற்குள் அடுத்த நெல் களத்துக்கு வந்துவிடும். பசித்த மாதங்களில் வராத தானியம் அறுவடை மாதத்தில் வந்து இறங்கினால், வியாபாரி விலையை இறக்கிக் கேட்பான். விவசாயிக்கு வறட்சியில் ஓர் அடி, உதவியில் இன்னோர் அடி.

தரையில் நடக்கும் தவறுகள் இன்னும் சிறியவை, ஆனால் அவைதான் வயிற்றைத் தீர்மானிக்கின்றன. முழுக் கோதுமையோ முழு மக்காச்சோளமோ கொடுத்தால் அரைக்க மில் வேண்டும். மில் கூலிக்குக் கையில் காசில்லாதவர் பங்கீட்டிலேயே கொஞ்சத்தை விற்பார். ‘உதவிச் சரக்கு சந்தையில் விற்பனை’ என்று வரும் செய்திகளில் திருட்டைவிட இந்தக் கூலிக் கணக்கு பலமுறை அதிகம். நெடுநாள் வெயிலில் கிடந்த பயறு, பருப்பு வேகாது, விறகைத் தின்னும். ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 60 கிலோ தானியம், ஆனால் மூட்டை 50 கிலோ. ஆகவே படியால் அளந்தாக வேண்டும். அளப்பவர் படியைத் தலைதட்டினாரா, குவித்தாரா என்பதில் மாதக் கடைசிச் சோறு இருக்கிறது. பல்கர் கோதுமை இந்த விஷயத்தில் நல்ல சரக்கு. புழுங்கலரிசி போலவே அவித்து உலர்த்தி உடைத்தது. மில் வேண்டாம், சீக்கிரம் வேகும், உப்புமாவாகக் கிண்டலாம்.

ஈரம் இன்னொரு எதிரி. தானியத்தின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், மக்காச்சோளத்தில் அஃப்ளடாக்சின் நச்சு சேரும். நிலக்கடலை விளையும் வேலூர், திருவண்ணாமலைக்காரர்களுக்கு இந்தப் பூஞ்சை புதிதல்ல. மூட்டையை வெறுந்தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது, சுவரோரம் ஆள் நடக்க இடம் விடுவது, முதலில் வந்ததை முதலில் அனுப்புவது. மூன்றாவது விதிதான் அதிகம் மீறப்படும். முன்னால் கிடப்பதை எடுப்பது எளிது, பின்வரிசை மூட்டை வண்டு பிடித்துக் கிடக்கும்.

பால் பவுடரில் நடந்தது தனிக் கதை. கொழுப்பு நீக்கிய பாலில் கொழுப்போடு சேர்ந்து வைட்டமின் ஏ போய்விடும். சத்துக் குறைந்த குழந்தைக்கு அந்தப் பாலைக் கொடுத்தால் புரதம் கிடைத்து உடல் வேகமாக வளரத் தொடங்கும். ஈரலில் மிஞ்சியிருந்த கொஞ்ச வைட்டமினும் தீரும். மாலைக்கண்ணில் தொடங்கிக் கருவிழி உருகுவதில் முடிந்த குழந்தைகள் பல நாடுகளில் இருந்தார்கள். 1965லிருந்து அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பும் பவுடரில் வைட்டமின் ஏ கலக்கத் தொடங்கியது. பத்தாண்டு தாமதம். உணவைக் கொடுப்பவர் அதன் பகுப்பாய்வையும் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அதில் வந்தது.

காலாவதி தேதி இன்னொன்று. 2025ல் அமெரிக்க உதவி முகமை யுஎஸ்எய்ட் கலைக்கப்பட்டபோது, துபாய்க் கிடங்கில் கிடந்த சுமார் 500 டன் உயர்சத்து பிஸ்கட்டுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் தேதி முடிந்தது. அவற்றை அழிக்கவும் தனியே காசு செலவானது. ஒரு முகமையை மூடுவதற்கு ஒரு நாள் போதும், கிடங்குச் சாவி யாரிடம் என்று எழுதிவைக்க இன்னொரு நாள் ஒதுக்கியிருக்கலாம்.

மரபணு மாற்றம் பற்றிய சண்டையும் உண்டு. 2002ல் பஞ்சத்தின் நடுவே ஜாம்பியா மரபணு மாற்று மக்காச்சோளத்தை மறுத்தது. அதே ஆண்டு இறுதியில் இந்தியாவும் கேர் உள்ளிட்ட நிறுவனங்கள் கொண்டுவர இருந்த சோளம்-சோயா மாவுக்கு அனுமதி மறுத்தது. இந்தியாவிடம் அப்போது உணவுக் கழகக் கிடங்கு நிறைய தானியம் இருந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் தைரியத்துக்குப் பின்னால் கிடங்கு இருக்க வேண்டும். ஜாம்பியாவுக்கு அது இல்லாததால் விலை கொடுத்தது.

இனி பொருளாதாரவாதிகள் அறுபது ஆண்டாகச் சண்டை போடும் கேள்விக்கு வருவோம். இலவசத் தானியம் உள்ளூர் விவசாயியைக் கெடுக்குமா? 1960லேயே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஷூல்ட்ஸ் கெடுக்கும் என்று எச்சரித்தார். ஹைட்டியில் அது கண்முன் நடந்தது. அரிசி இறக்குமதி வரியைக் குறைக்க வைத்து மலிவான அமெரிக்க அரிசியை நுழைத்தார்கள், ஹைட்டி நெல் விவசாயம் படுத்தது. அது தவறு என்று 2010ல் அமெரிக்க செனட் குழு முன்னால் முன்னாள் ஜனாதிபதி கிளிண்டனே ஒப்புக்கொண்டார்.

இந்தியாவில் அந்த அளவு கெடவில்லை. காரணம் ரேஷன் கடை. மாதம் 60 கிலோ சந்தையில் வாங்கும் கூலிக் குடும்பத்துக்கு 20 கிலோ குறைந்த விலையில் கிடைத்தால், சந்தையில் 40 மட்டும் வாங்குவதில்லை. மிச்சமான காசில் 50 வாங்கும், அதுவரை அரைவயிறாக இருந்ததால். மொத்தம் 70 ஆகிறது. சந்தை இழந்தது 20 அல்ல, 10தான். அதே 20 கிலோவை மண்டியில் திறந்த விற்பனைக்கு விட்டால் கையில் காசுள்ளவன் வாங்குவான், யாருக்கும் புதிதாக ஒரு கவளம் கூடாது, விலை மட்டும் விழும். இறக்குமதிக் கோதுமை இங்கே பெரும்பாலும் நியாயவிலைக் கடை வழியே போனதால் அடி குறைந்தது. அதோடு 1965 ஜனவரி 14ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தஞ்சாவூரில் முதல் மாவட்ட அலுவலகத்தோடு தொடங்கிய இந்திய உணவுக் கழகம், விவசாயியிடம் ஆதார விலைக்கு வாங்கும் கையாகவும் இருந்தது. விற்கும் கை மட்டும் இருந்து வாங்கும் கை இல்லாத நாடுகளில்தான் உதவித் தானியம் விவசாயியை நசுக்குகிறது.

இதற்கு வட ஆர்க்காடே சாட்சி. பெரிய ஆற்றுப்பாசனம் இல்லாத, ஏரியும் கிணறும் நம்பிய மாவட்டம். 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இதன் கிராமங்களில் புதிய நெல் ரகங்கள் எப்படிப் பரவுகின்றன என்று கணக்கெடுத்தார்கள். பத்தாண்டு கழித்து வாஷிங்டனின் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதே கிராமங்களுக்குத் திரும்பின. முதலில் தயங்கிய சிறு விவசாயிகளும் அதற்குள் புதிய ரகத்துக்கு மாறியிருந்தார்கள். நிலமற்ற கூலிக்காரர் வருமானமும் உயர்ந்திருந்தது. விவசாயத்தில் கூடிய ஒவ்வொரு ரூபாயும் கடை, வண்டி, தையல், மில் என்று விவசாயம் சாராத தொழில்களில் இன்னொரு 87 காசை உண்டாக்கியது. உதவிக் கப்பலிலிருந்து கோதுமை இறக்கினால் இந்த 87 காசு அமெரிக்காவின் கான்சாஸில் சுழலும், குடியாத்தத்தில் சுழலாது. பின்னாளில் பாலாற்றங்கரையில் தோல் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததும், கிணறுகள் ஆழமானதும் வேறு வரலாறு. ஒருமுறை எட்டிய தன்னிறைவு நிலையாக நிற்காது என்பதற்கு ஆம்பூர், வாணியம்பாடி நஞ்சைகளைப் பார்த்தால் போதும்.

உதவிப் பொருளை விற்றுக் காசாக்குவதிலும் நல்லது கெட்டது உண்டு. 1970ல் தொடங்கிய வெண்மைப் புரட்சியில் ஐரோப்பா கொடுத்த 1,26,000 டன் பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் பாலாகக் கலக்கி விற்கப்பட்டன. வந்த பணத்தில் பால் பண்ணைகளும் குளிரூட்டும் நிலையங்களும் எழுந்தன. விற்ற விலை உள்ளூர்ப் பாலைக் கீழே தள்ளாதபடி வைத்ததும், விற்றவர்கள் பால் கூட்டுறவுக்காரர்களாக இருந்ததும்தான் சூட்சுமம். அதே முறையில் பிற்காலத்தில் அமெரிக்கா தானியத்தைக் கொடுத்துத் தொண்டு நிறுவனங்களை விற்கச் சொன்னபோது, வாங்கி அனுப்பிய செலவுகூட விற்பனையில் திரும்பவில்லை.

அப்படியானால் காசாகவே கொடுத்துவிடலாமா? சந்தையில் அரிசி இருந்து, மக்கள் கையில் காசில்லை என்றால் காசுதான் சரி. கடையும் பிழைக்கும், கப்பல் கூலியும் மிஞ்சும். சாலை அறுந்து, கடையில் சரக்கே இல்லை என்றால் காசு விலையை மட்டும் ஏற்றும். கடுமையான ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு இரண்டும் போதாது. அதற்கு 92 கிராம் பொட்டலத்தில் 500 கிலோ கலோரி அடங்கிய நிலக்கடலைக் கூழ் வேண்டும். தண்ணீர் கலக்க வேண்டாம் என்பதால் அசுத்த நீரின் ஆபத்தும் இல்லை.

தமிழ்நாடு 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டத்தோடு அரிசிச் சோற்றைத் தன் சொந்தச் செலவில் பள்ளிக்குக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே மாநிலம் கொடுக்கும் பக்கம் வந்தது. 2022ல் இலங்கைக்கு 40,000 டன் அரிசி 80 கோடி ரூபாயில், 500 டன் பால் பவுடர் 15 கோடியில், மருந்து 28 கோடியில். அரிசி கிலோ 20 ரூபாய், பவுடர் கிலோ 300 ரூபாய் என்று கணக்கு வரும். வெளியுறவு மத்திய அரசின் அதிகாரம் என்பதால் ஏப்ரல் 29ல் சட்டமன்றத் தீர்மானம் போட்டு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மே 18ல் முதல் கப்பல் 9,000 டன் அரிசியோடு சென்னையை விட்டது, 22ல் கொழும்பில் கையளிப்பு. மேலே சொன்ன 147 நாளோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனாலும் அளவை மறக்கக் கூடாது. இலங்கையில் சுமார் 2.2 கோடிப் பேர். தலைக்கு 400 கிராம் என்றால் நாளுக்கு 8,800 டன். முதல் கப்பல் நாடு முழுவதற்கும் ஒரு நாள், மொத்த அரிசியும் ஐந்து நாளுக்குள். எல்லாருக்கும் பிரித்தால் ஒருவருக்கும் பயனில்லை, பட்டியல் போட்டு ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் கொடுத்தால்தான் சில வாரம் தாங்கும். பட்டியலில் யார் பெயர் விடுபடும் என்பதுதான் எந்த உதவியிலும் கடைசிச் சண்டை. 2021ல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் விழுந்த நெல் விளைச்சலை எழுப்ப, இந்தியா தந்த கடனில் 2022 ஜூலையில் 44,000 டன் யூரியாவும் போனது. அதில் தழைச்சத்து 46 சதவீதம், சுமார் 20,000 டன். ஒரு கிலோ தழைச்சத்துக்குப் பத்து கிலோ நெல் கூடுதலாக விளைந்தது என்று குறைவாகவே எடுத்தாலும் 2 லட்சம் டன் நெல். அரிசியாகக் குத்தினால் சுமார் 1.3 லட்சம் டன். அதை ஏற்றுவதற்கு எந்தத் துறைமுகத்திலும் கப்பல் பிடிக்க வேண்டியதில்லை.